கூறைப் புடவைத் தட்டு

பெரியவனே,

உனக்குப் பின்னால் பிறந்த மூன்று பேரும் இன்றைக்கு இல்லை. ஆனாலும் எனக்கு நீ பெரியவன்தான். மிச்சம் இருப்பதே ஒருவன், அதில் பெரியவன் என்ன சின்னவன் என்ன என்று உன் அத்தை கேட்பாள். கேட்கட்டும். அவள் காதிலும் விழ வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீ இதை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்காதே. கூடத்தில் உட்கார்ந்து, உன் அப்பா, அத்தை, அவள் மகள் தேன்மொழி எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படி. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், தப்பும் இருக்கும். தப்பைத் திருத்திப் படித்துக்கொள், ஆனால் எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை வைக்க மோட்டார் பைக்கில் வந்தாய். தாமல் ஏரிக்கரைப் பிள்ளைகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். "மா, இன்னா இன்னும் அதே கயித்துக் கட்டிலா? சம்பளம் வாங்கறல்ல, ஒரு சேர் வாங்கிப் போடேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாய். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி நீலச் சட்டையோடே வந்திருந்தாய். உன் தோள் உன் அப்பாவுடைய தோள். மோர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாய். மஞ்சள் தடவிய பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினாய், காலில் விழுந்தாய். அதெல்லாம் முறையாகத்தான் செய்தாய். பிறகு எழுந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல், வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னாய்: "மா, ஒண்ணே ஒண்ணு. தப்பா எடுத்துக்காத. கூறப் புடவத் தட்டு சுத்தி வர்றப்ப உங்கிட்ட வராது. அத்த சொல்லிச்சு. நீ பின்னால வரிசையில உக்காந்துக்கோ. மொதப் பந்தியிலயே உனக்கு எல போடச் சொல்றேன்."

நான் பதில் சொல்வதற்குள் உன் செல்போன் அடித்தது. "ஆங் மா, தாமல்லதாம்மா இருக்கறேன், இதோ கெளம்பிக்கினே இருக்கறேன்" என்றாய். யாரை அம்மா என்கிறான் என்று ஒரு கணம் திகைத்தேன். அவளைத்தான். அத்தை என்று என்னிடம் சொல்கிறாய், அம்மா என்று அவளிடம் சொல்கிறாய். பழக்கம். ஐந்து வயதில் பிடுங்கி வைத்துக்கொண்டாள், பழகிப்போகத்தான் செய்யும்.

கூறைப் புடவையையும் தாலியையும் தட்டில் வைத்துச் சபையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பத்திரிகை வாங்கியவர் வாங்காதவர் எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள். பூக்காரி தொடுவாள், மேளக்காரர் தொடுவார், பக்கத்து மண்டபத்திலிருந்து தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கூடத் தொடுவார். மாப்பிள்ளையைப் பெற்றவளைத் தாண்டி அந்தத் தட்டு போகும். அதுவும் நம் வீட்டுத் தறியிலேயே நெய்த புடவையாம். அந்தத் தறியில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் நாடா தள்ளியவள் நான். நீ பிறக்கும் முன்பே அந்தத் தறிச் சத்தம் உனக்குத் தெரியும்.

நீ போன பிறகு நான் அழுதிருப்பேன் என்று நினைக்காதே. அழவில்லை. சிரிப்புத்தான் வந்தது. என் கையில் என்ன இருக்கிறது என்று உன் அத்தைக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். உனக்கு இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா எனக்கு அந்நியர் இல்லை. அவரைப் பெற்ற உன் தாத்தாவும் என் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிள்ளையார்பாளையத்தில் நம் ஆட்கள் நாலைந்து வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். காரணம் கேட்டால் கரை என்பார்கள். நம் வீட்டு மயில் கரை வேறு யார் தறியிலும் விழாது. பெண்ணை வெளியே கொடுத்தால் அவளோடு அந்தக் கரையும் வெளியே போய்விடும் என்று பயம். என் அம்மாவைத் தாமலில் ஓர் உறவுக்காரருக்குக் கொடுத்தார்கள். அவள் பெண் என்பதால் என்னைத் திரும்பவும் அந்த வீட்டுக்கே எடுத்துக்கொண்டார்கள். மயிலை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கூடவே இன்னொன்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அது அப்போது யாருக்கும் தெரியாது.

நீ பிறந்தபோது எந்தக் குறையும் இல்லை. உனக்கு அடுத்து ஒரு பெண். பால் குடிப்பாள், சிரிப்பாள், கழுத்து மட்டும் நிற்காது. ஒரு காய்ச்சல் வந்தது. மூச்சு வேகவேகமாக இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே என் மடியில் அடங்கிவிட்டாள். அவளுக்கு அடுத்து ஒரு பையன். அவனுக்கும் கழுத்து நிற்கவில்லை என்று தெரிந்ததும் உன் அத்தை ஆரம்பித்தாள். சுலோச்சனா அண்ணி எனக்கு நாத்தனார் மட்டும் இல்லை, அந்த வீட்டின் வாயே அவள்தான். கட்டிக்கொடுத்தது அதே தெருவில், நாலு வீடு தள்ளி. காலையில் இங்கே வந்தால் விளக்கு வைத்த பிறகுதான் அங்கே போவாள். அவள் சொன்னாள், என் பால் விஷம் என்று.

சின்னக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய்ப் பெருமாள் கோயில் பல்லியைத் தொட வைத்தாள். தோஷம் போகவில்லை என்றாள். ஒரு நாள் மத்தியானம் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வைத்துவிடத்தான் வாங்கினாள் என்று தலையைத் திருப்பிக் காட்டினேன். அவளோ என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துத் தரையில் போட்டாள், என் ரவிக்கையை அவிழ்த்தாள், அந்தப் பூச்சரத்தை மாரில் வைத்துப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டினாள். மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். "எங்க வூட்டுப் புள்ளைக்கு இனிமே பசும்பால்தான். உன் வெஷம் ஒண்ணும் வேணாம்" என்றாள். குழந்தை தரையில் கிடந்து கத்துகிறது, அந்தச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குப் பால் சுரக்கிறது, பூ நனைகிறது. பக்கத்தில் உன் அப்பா தறியில் இருந்தார். "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டேன். தறி நிற்கவில்லை. அவர் முதுகைத்தான் பார்த்தேன். கால் மிதித்துக்கொண்டே இருந்தது, கை இழுத்துக்கொண்டே இருந்தது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒரே புத்திதான். உன் பெண்டாட்டி கூப்பிட்டால் தறியை நிறுத்து. உனக்குத் தறி இல்லை, செல்போன் இருக்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார். அடிக்காத புருஷன் நல்ல புருஷன் என்று உன் அப்பாவைத் தெருவே மெச்சியது. அடிக்கவில்லை, உண்மைதான். திரும்பியும் பார்க்கவில்லை.

பசும்பாலிலும் அந்தப் பையன் தேறவில்லை. மழைக்காலத்தில் ஒரு சளி, அவ்வளவுதான். என் பால் நின்ற பிறகுதானே போனான், அப்படியானால் என் பாலில் விஷம் இல்லை என்று இனியாவது சொல்வார்கள் என்று அந்தத் துக்கத்திலும் ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்கு. யாரும் சொல்லவில்லை. சில வாரம் கழித்துத் தெருவில் பாவு போட்டார்கள். விடிந்ததும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வீட்டு ஆட்கள் எல்லாம் இரண்டு பக்கமும் நின்று இழை சரிபார்ப்பார்களே, அது. அன்றைக்கு ஒரு கல்யாணப் பாவு. நானும் வழக்கம்போல ஒரு பக்கம் போய் நின்றேன். உன் அத்தை தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "யேய், கைய எடுடி. பெத்ததெல்லாம் முழுங்கிட்டு நிக்கிறா பாரு. கல்யாணப் பாவுல கை வெக்கிறா. யார் பொண்ணு தாலிய அறுக்கணும் உனக்கு?"

அவள் இடுப்பில் அப்போது தேன்மொழி இருந்தாள். கைக்குழந்தை. நான் திரும்பியதும் முந்தானையால் அந்தக் குழந்தையின் முகத்தை மூடினாள், என் கண் பட்டுவிடும் என்று. "அண்ணி, நானும் உங்க ரத்தந்தானே" என்றேன். "எங்க ரத்தம் சுத்தம். தாமல் தண்ணி கலந்ததுதான் கெட்டுப்போச்சு" என்றாள். பாவின் அந்தப் பக்கம் உன் அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். முடிந்து முடித்து அடுத்த இழைக்குப் போனார். அன்றைக்குத்தான் என்னைத் தாமலுக்கு அனுப்பினார்கள். நீ ஆண் பிள்ளை, வம்சத்துக்கு வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். வயிற்றில் ஒன்று இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது. தெரிந்த பிறகு சொல்லி அனுப்பினேன். "அதையும் அவளே வெச்சிக்கட்டும்" என்று பதில் வந்தது.

அப்படி நான் வைத்துக்கொண்டவள்தான் பூங்கொடி. உன் தங்கை. அவளை நீ ஒரு தரம் பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? உன் பள்ளிக்கூட வாசலுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ பாதி கடித்த கொய்யாப்பழத்தோடு வந்தாய். "இது யாரு?" என்றாய். தங்கச்சி என்றேன். மிச்சப் பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, "கொட்டைய முழுங்காத, வயித்துல மரம் மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினாய். அவள் அந்தப் பழத்தைத் தின்னவும் மாட்டேன் என்கிறாள், கையை விட்டுக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள். அதற்கப்புறம் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து உன் அத்தையே வந்து அழைத்துப்போக ஆரம்பித்தாள்.

பூங்கொடி மற்ற இரண்டு பேரைப் போல உடனே போகவில்லை. நாலாவது வகுப்பு வரைக்கும் வந்தாள். எல்லாக் குழந்தையும் ஏரிக்கரையில் ஓடும், இவள் பாதி வழியில் உட்கார்ந்துகொள்வாள். கண் இமை தானாகக் கீழே இறங்கும், விரலால் தூக்கிக்கொண்டு பாடம் படிப்பாள். "மா, நான் சோம்பேறி இல்லமா, காலுதான் சோம்பேறி" என்பாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் உடம்பு ஒரு படி கீழே போகும், பிறகு ஏறாது. நான் ஏனாத்தூரில் ஒரு காலேஜ் விடுதியில் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஒரு டீச்சரம்மா விசாரித்துச் சொல்லி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனேன். இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். தொடையிலிருந்து துளி சதை எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். என் ரத்தமும் எடுத்தார்கள். அப்பா ரத்தமும் வேண்டும் என்றார்கள். தெரு முனை பூத்திலிருந்து போன் போட்டேன். உன் அப்பா வந்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டுறவு சங்கத்துக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தார். கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். பூங்கொடி அவரைப் பார்த்து "இவர் யாருமா?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் போனபோது சொல்லி அனுப்பினேன். உனக்குப் பரீட்சை என்று பதில் வந்தது. பரீட்சை எல்லாம் முடிந்து லீவு விட்டிருந்த நேரம் அது.

ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்த அந்த ரத்தத்தை அவர்கள் கொட்டிவிடவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவள் போய்ப் பல வருஷம் கழித்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால், காரணம் தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். உன் அப்பாவும் வந்தார். சின்ன வயசு டாக்டரம்மா, கண்ணாடி போட்டிருந்தாள். பொறுமையாகச் சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளேயும் பொடிப்பொடியாக அடுப்பு இருக்கிறதாம். தின்ற சோறு அங்கேதான் எரிந்து தெம்பாகிறது. அதற்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அந்த அடுப்பு ஓயாமல் எரிய வேண்டுமானால் அதற்கு வேண்டிய சில சாமான்களை, புரோட்டீன் என்றாள், அடுப்புக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்வதற்கு உள்ளே பல கைகள் இருக்கின்றன. அதில் ஒரு கையை எப்படி உண்டாக்குவது என்று எழுதி வைத்திருக்கும் இடம்தான் இந்த ஜீன். பெயர் கேட்டேன். நாலைந்து இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும் சொன்னாள், வண்டி நம்பர் மாதிரி இருந்தது. என் மூன்று குழந்தைகளைத் தின்றதற்கு அப்படி ஒரு பெயர். அந்த எழுத்தில் தப்பு இருந்ததால் அடுப்பு சரியாக எரியவில்லை. சும்மா இருக்கும்போது எப்படியோ ஓடும். காய்ச்சல் வந்தால் உடம்பு அதிகத் தெம்பு கேட்கும், அடுப்பால் கொடுக்க முடியாது, அணைந்துவிடும்.

"ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்ட தப்பா அடிச்சிட்டா, அந்த இடம் வர்றப்பெல்லாம் மயிலுக்குக் கண்ணு விழாது. அது மாதிரியாம்மா?" என்று கேட்டேன். அட்டை என்றால் என்ன என்று அவள் கேட்டாள். தறிக்கு மேலே தொங்கும், அதில் இருக்கும் ஓட்டைப்படிதான் கரையில் உருவம் விழும் என்று சொன்னேன். "அதே மாதிரிதாம்மா. ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு அட்டை இருக்கும். ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. ஒண்ணு நல்லா இருந்தாப் போதும், வேலை நடந்துடும். உங்ககிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு தப்பு. இவர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு தப்பு. ரெண்டு தப்பும் ஒரே குழந்தைகிட்ட போய்ச் சேர்ந்துடுச்சு. பாதி உங்ககிட்டருந்து, பாதி இவர்கிட்டருந்து" என்றாள். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். "உங்க பையன்கிட்டயும் அந்தத் தப்பு அட்டை ஒண்ணு இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சொந்தத்துல கல்யாணம் பண்றதா இருந்தா ரெண்டு பேரும் முன்னாடி ரத்தம் கொடுத்துப் பாக்கணும். ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு இப்படி ஆகலாம்." இதை உன் அப்பாவும் கேட்டார். நன்றாகக் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தன் கையால் எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்த டீதான். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "இத அக்கா காதுல போட்டுடாத. தாங்க மாட்டா. அம்மா போனப்புறம் அவதானே என்ன வளத்தா."

நான் தாங்கினேனா என்று அவர் கேட்கவில்லை.

இப்போது உன் அப்பாவைக் கேள். படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேள். சொந்தத்தில் செய்வதானால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தும், உனக்கும் தேன்மொழிக்கும் தாம்பூலம் மாற்றும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேள். நம் வீட்டில் அந்த வாய் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

இரண்டு வருஷமாக நானும் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்லியிருக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் அதே தெருவில் நின்று, பாவு போடும் நேரமாகப் பார்த்துக் கத்தியிருக்கலாம். நான் அதைச் சேர்த்து வைத்தேன். கூரையில் அரிவாளைச் செருகி வைப்பதுபோல வைத்திருந்தேன். உனக்கும் தேன்மொழிக்கும் நிச்சயம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று தோன்றியது. உன் அத்தையின் பேரக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. அவள் மடியில் வைத்துக்கொண்டு அது மூச்சை இழுப்பதைப் பார்ப்பாள். அப்போது யார் பாலில் விஷம் என்பாள்? தன் பெண்ணின் மாரில் பூக் கட்டுவாளா? பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதையே நினைத்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், பல நாள் அந்த நினைப்பில்தான் சோறு இறங்கியது.

ஆனால் நினைப்பில் அவள் வீட்டுத் தூளி வந்தால் அதற்குள் ஒரு குழந்தையும் வந்துவிடுகிறது. முதலில் அதற்கு முகம் இல்லாமல் இருந்தது. நீ மோர் குடித்துவிட்டுப் போன அன்றைக்கு அதற்குப் பூங்கொடியின் முகம் வந்துவிட்டது, இமையை விரலால் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று தரம் கேட்டிருக்கிறேன். சுலோச்சனாவை அழ வைப்பதற்காக இன்னொரு குழந்தை அப்படி மூச்சு விட வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு, அம்மா மனது இளகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்தக் குழந்தை என்னுடையதும்தான். அவளுக்குக் கொடுக்க வேண்டியதை என் குழந்தையின் உடம்பு வழியாகக் கொடுக்க மாட்டேன். வேறு வழியாகக் கொடுக்கிறேன்.

ஆகவே கேள். உனக்குத் தேன்மொழியைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்திரிகை வைக்க வந்தபோது அவள் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் சாவி சுழல்வது நின்றது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. முந்தானையால் மூடியது அவள் கை இல்லை. நீங்கள் இரண்டு பேரும் மெட்ராஸுக்குப் போய் அந்த டாக்டரம்மாவைப் பாருங்கள். பூங்கொடி பெயரைச் சொன்னால் போதும், அவளுக்குத் தெரியும். ரத்தம் கொடுங்கள். பதில் வரக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போடு. மண்டபம் போனால் போகட்டும். ஒருவரிடம் இல்லை என்று வந்தால் பயப்படாமல் தாலி கட்டு. இரண்டு பேரிடமும் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்வாள், நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். அதில் நான் வர மாட்டேன். உன் அத்தையையும் வர விடாதே.

இனி எழுதுவது டாக்டர் கேட்டது இல்லை, நான் கேட்பது. உன் அத்தையும் கையை நீட்டி ரத்தம் கொடுக்க வேண்டும். அவள் ரத்தம் எதற்கு, பெண்ணுடையது போதாதா என்று டாக்டரம்மா கேட்டால், தாமல்காரி கேட்டாள் என்று சொல். எங்கள் ரத்தம் சுத்தம் என்று தெருவில் சொன்னாள் அல்லவா, அதைப் பார்த்துவிடலாம். சுத்தமாகவே வரலாம். தம்பியிடம் இருப்பது அக்காவிடமும் இருந்தே தீர வேண்டும் என்று இல்லையாம். அப்படி வந்தால் எனக்கு அந்தச் சந்தோஷம் இல்லாமல் போகும், போகட்டும். ஆனால் பதில் வருகிற வரைக்கும் இருக்கிறதே, அந்த நாட்கள் எனக்கு வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், என்னிடமிருந்து என் பெண்ணுக்குப் போயிருக்குமோ, நான்தானோ, என் உடம்புதானோ என்று அவள் தன் கையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அப்படிப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தேன் என்று அவளுக்குத் தெரியட்டும். அவளுக்கு எப்படி வந்தாலும், தப்பு அட்டை ஒன்று அந்த வீட்டில்தான் இருந்தது, தறியில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அது தாமல் தண்ணீரில் வந்தது இல்லை. என் அம்மா அந்த வீட்டிலிருந்துதான் அதை எடுத்துக்கொண்டு தாமலுக்கு வந்திருக்கிறாள். இந்த வரியை இரண்டு தரம் படி.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னாள் என்றேனே. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது யாரோட தப்பும் இல்லம்மா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான் என் உடம்பு திரும்ப என்னுடையது ஆனது. அன்றைக்கு ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தி மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து முதல் தடவையாக எழுந்து வேறு இடம் தேடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார்த்தையை உன் அத்தையிடம் யாரும் சொல்லக் கூடாது. இப்போது இந்தக் கூடத்தில் இருந்து காதால் கேட்டுவிட்டாள், தெரியும். கடிதத்தில் கேட்டது கணக்கில் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் சொன்னால்தான் அது உடம்புக்குள் இறங்கும். நீ அவள் கையைப் பிடிக்காதே. உன் அப்பா பிடிக்கக் கூடாது, தேன்மொழி பிடிக்கக் கூடாது, டாக்டரம்மாவிடமும் சொல்லி வை. பதில் கெட்டதாக வந்து அவள் சுருண்டு விழுந்தாலும் பிடிக்காதே. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சொல்ல மாட்டேன். அந்தத் தெருவிலிருந்து என்னை அனுப்பியது அவள்தான், அழைக்க வேண்டியதும் அவள்தான்.

தாமலுக்கு பஸ் இருக்கிறது. வரச் சொல். வரும்போது வெறும் கையோடு வர வேண்டாம், கூறைப் புடவைத் தட்டை எடுத்துக்கொண்டு வரட்டும். மடியில் வைத்து, வழியெல்லாம் ஆட்கள் பார்க்க, தானே தூக்கிக்கொண்டு வரட்டும். இந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். தட்டை அவள் தன் கையால் என் முன்னால் நீட்டட்டும். நான் புடவையைத் தொட்ட பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

அதுவரை அவள் காத்திருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்